எட்டு மணி நேரச் சராசரி

"டாக்டருக்குப் படிக்கறயாம்மா?"
கடைசி பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார்.
இல்லை.
"அப்ப இன்ஸ்பெக்டரு?"
அதுவும் இல்லை.
தொழிலிட நலமும் பாதுகாப்பும், முதுகலை இரண்டாம் ஆண்டு,
சத்தத்தை அளக்கப் போகிறேன் என்றேன்.
"அதுக்கொரு படிப்பா"
என்றார் சில்லறையை எண்ணியபடி.
வண்டியின் எஞ்சின் அப்போது எண்பத்தாறு டெசிபல்.

கட்டபெட்டு இறக்கத்தில் இறங்கினேன்.
பையில் மூன்று கருவி,
பல்கலைக்கழகம் முத்திரையிட்ட கடிதம்,
ஒரு பாக்கெட் வர்க்கி.

அக்டோபர். இலை வந்து குவிகிற மாதம்.
மாடியில் வாட்டுத் தொட்டிகளின் விசிறிகள்
இரவெல்லாம் மூச்சு வாங்கும்.
கீழே நான்கு ஜோடி ரோலர்
பல்லோடு பல் கடித்துச் சுற்றும்.
சூப்பர்வைசர் போஜன் என் காதருகே குனிந்து
ஏதோ கத்தினார்.
தலையாட்டினேன்.
என்ன சொன்னாரென்று இன்றுவரை தெரியாது.

எத்வா ஓரானின் தோளில் கருவியை மாட்டினேன்,
காதிலிருந்து நாலு விரல் தள்ளி,
பாடம் சொன்ன இடத்தில்.
மைக்கின் பஞ்சுத் தொப்பியைத்
தொட்டுப் பார்த்துச் சிரித்தான்.
காதுக்குக் கொடுத்த ஆரஞ்சு அடைப்பான்கள்
உறை பிரிக்காமல் சட்டைப் பையில்,
பீடிக்கட்டோடு.
ஏனாம்?
பேக்கிங்கிலிருந்து ஃபுல்மணி வந்து
தமிழாக்கினாள்:
"காதை அடைச்சா ரோலர் பேசறது கேக்காதாம்.
இலையில கல்லு வந்தா
அதுதான் மொதல்ல சொல்லுமாம்."
என் வினாப்படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
'இதர' என்ற கோட்டில்
இடம் போதாமல் ஓரமாய் எழுதினேன்.

கோத்தகிரி அறையில், ஜன்னல் முழுக்க மஞ்சு,
தரவைக் கணினியில் இறக்கினேன்.
எட்டு மணி நேரச் சராசரி:
எண்பத்தொன்பது புள்ளி நான்கு.
சட்டத்தின் வரம்பு தொண்ணூறு.
ஆக, பாதுகாப்பு.
சீசனில் ஷிஃப்ட் பன்னிரண்டு மணி நேரம் என்பதைச்
சூத்திரத்தில் போட்டால் ஏறக்குறைய மூன்று கூடும்.
அது அடுத்த அட்டவணை.
அதில் போஜன் கையெழுத்துப் போடமாட்டார்.

கோடு நெடுக ஒரே மட்டம்,
கவாத்து செய்த தேயிலை போல.
மூன்று மணி பதினேழுக்கு மட்டும்
ஒற்றைச் சில்வர் ஓக் எழுந்து நின்றது:
நூற்றுப்பன்னிரண்டு.
ஒரே ஒரு நொடி.
அதனால் சராசரியில்
ஒரு புள்ளிகூட அசையவில்லை.
அந்த நொடியில் நான்
எடைமேடைக்குப் பக்கத்துப் பெஞ்சில்
மடியில் வர்க்கித் துகளோடு தூங்கிக்கொண்டிருந்தேன்.

"அவுட்லையர்மா. கருவி எங்கயாவது இடிச்சிருக்கும்.
எடுத்துடுங்க" என்றார் வழிகாட்டி,
கோவையிலிருந்து,
பின்னணியில் குக்கர் விசிலோடு.

மறுபடி போனேன்.
விபத்துப் பதிவேட்டில் அந்த இரவுக்கு நேரே
'இல்லை' என்று அழகான கையெழுத்து.
எத்வாவிடம் திரையில் மரத்தைக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் பார்த்தான்.
பிறகு கொடியில் கிடந்த ஸ்வெட்டரை எடுத்துவந்தான்.
வலது கை முழங்கையோடு நின்றிருந்தது.
மிச்சக் கம்பளி
எந்த ஊர் டீத்தூளில் போனதோ.
விரல்களை விரித்துக் காட்டினான்.
ஐந்தும் இருந்தன.
ஆகவே விபத்து இல்லை.

"ஐயோன்னு கத்தினானா?"
"ஐயோ இல்ல மேடம்" என்றாள் ஃபுல்மணி.
"ஆயோ. எங்க பாஷையில அம்மா."

மரத்தை வெட்டவில்லை.
ஆங்கில ஆய்வேடு, நூற்றிருபது பக்கம்.
அறுபத்துமூன்றாம் பக்க அடிக்குறிப்பில்
அந்த ஒரு சொல்லை மட்டும்
தமிழில் தட்டச்சிடக் கொடுத்தேன்,
நெடில் சரியா என்று இருமுறை பார்த்து.

பைண்டிங் ஆகி வந்த ஐந்து பிரதியிலும்
டி.டி.பி. காரர்
பிழையென்று நினைத்து 'ஐயோ' என்று
திருத்தியிருந்தார்.
ஐந்திலும்
பேனாவால் அடித்து எழுதினேன்.